சதுரத்துக்குள் பட்டியல் இல்லை: உணவகங்களின் கியூஆர் குறியீடு பற்றி

உணவக மேசையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் 'கியூஆர் மெனு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சுக்கு அது போதும். ஆனால் அந்தச் சதுரத்துக்குள் உணவுப் பட்டியல் எதுவும் கிடையாது. அதில் இருப்பது ஓர் இணைய முகவரி. பட்டியல் எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது. வாடிக்கையாளரின் கைபேசி அந்த முகவரிக்குப் போய் அதைக் கேட்டு வாங்கி வருகிறது. மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்பவரையும் சர்வர் என்கிறோம், தரவு மையத்தில் இருந்தபடி இணையப் பக்கங்களை எடுத்துத் தரும் கணினியையும் சர்வர் என்கிறோம் என்பது வெறும் பெயர்ப் பொருத்தம்தான் என்றாலும், நடந்திருக்கும் இடமாற்றத்தை அது சரியாகவே சுட்டிவிடுகிறது. இந்த முறையின் வசதிகளும் எரிச்சல்களும் ஆபத்துகளும் பெரும்பாலும் மேசைக்கும் அந்தக் கணினிக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் பிறக்கின்றன.

பட்டியலையே குறியீட்டுக்குள் அடைத்துவிட முடியாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். கியூஆர் குறியீட்டில் 40 அளவுகள் உண்டு. மிகச் சிறியதில் ஒரு பக்கத்துக்கு 21 கட்டங்கள், மிகப் பெரியதில் 177 கட்டங்கள். ஒரு பகுதி கெட்டாலும் தகவலை மீட்க உதவும் பிழை திருத்தத்துக்கு ஒதுக்கும் இடத்தை ஆகக் குறைத்துக்கொண்டால், மிகப் பெரிய குறியீடு 2,953 பைட்டுகளைத் தாங்கும். எழுத்துகளைக் கணினியில் பதிய இன்று இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற எழுத்துக்கு 3 பைட்டுகள் வேண்டும். புள்ளியோ உயிர்க்குறியோ சேரும் 'க்', 'கி' போன்றவற்றுக்கு 6 பைட்டுகள் வேண்டும். ஆகவே எழுத்தும் குறியுமாகச் சேர்த்து ஏறத்தாழ 980 வந்தவுடன் இடம் தீர்ந்துபோகும். பெயர், விலை, ஒரு வரி விளக்கம் என்று எழுதத் தொடங்கினால் பட்டியல் பாதியிலேயே நின்றுவிடும். அப்படியே அடைத்தாலும், அந்தக் குறியீட்டை 3 சென்டிமீட்டர் சதுரமாக அச்சிடும்போது ஒரு கட்டத்தின் அகலம் 0.17 மில்லிமீட்டர்தான் வரும். சாதாரணக் கைபேசியின் கேமரா அதைப் பிரித்தறியத் திணறும். எனவே முகவரியை மட்டும் எழுதி வைப்பது சோம்பலால் வந்த ஏற்பாடு அன்று. வேறு வழியில்லாததால் வந்தது.

இந்தக் குறியீடு உணவகத்துக்காகப் பிறந்ததும் அன்று. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய சிறு குழுவினரும் கார் உதிரிபாகங்களின் போக்குவரத்தைக் கண்காணிப்பதற்காக இதை உருவாக்கினார்கள். பட்டைக்குறியீடு (பார்கோடு) ஒன்றில் இருபது எழுத்துகள் அளவுக்கே தகவல் கொள்ளும் என்பதால், ஒரே பெட்டியில் பல பட்டைகளை ஒட்டி ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டியிருந்தது. தகவலை ஒரு திசையில் மட்டும் அடுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் இந்தச் சிக்கல் தீரும் என்ற எண்ணம், கறுப்பு வெள்ளைக் காய்களைக் கட்டங்களில் வைத்து ஆடும் 'கோ' ஆட்டத்தைப் பார்த்தபோது தோன்றியதாக ஹாரா கூறியிருக்கிறார். மூன்று மூலைகளில் காணப்படும் பெரிய சதுரங்கள்தாம் இதன் உண்மையான நுட்பம். அவற்றின் நடுவே எந்தத் திசையில் கோடு கிழித்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்திலேயே மாறி மாறி வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகத் தென்படும் விகிதம் எது என்று ஆராய்ந்து குழுவினர் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். குறியீட்டைச் சாய்வாகக் காட்டினாலும் தலைகீழாகக் காட்டினாலும் கேமரா அதைக் கண்டுகொள்வது இதனால்தான். காப்புரிமையைக் கையில் வைத்திருந்தும், தரத்தைப் பின்பற்றுபவர்களிடம் அந்த உரிமையை வலியுறுத்துவதில்லை என்று நிறுவனம் முடிவு செய்தது. 2000இல் இது பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. இன்று எந்தச் சிறு உணவகமும் உரிமக் கட்டணம் எதுவுமின்றி இதை அச்சிட முடிகிறது என்றால் அந்த முடிவே காரணம்.

தொழிற்சாலைப் பெட்டிகளில் எண்ணெயும் அழுக்கும் படியும் என்பதை எதிர்பார்த்தே பிழை திருத்தம் இதில் சேர்க்கப்பட்டது. உணவக மேசைக்கும் இது தற்செயலாகப் பொருந்திவிட்டது. ரீட்-சாலமன் என்ற கணித முறைப்படி கூடுதல் தகவல் உள்ளே எழுதப்படுவதால், குறியீட்டின் ஒரு பகுதி கறைபட்டோ கிழிந்தோ போனாலும் முழு முகவரியையும் மீட்டெடுக்கலாம். இழப்பைத் தாங்கும் அளவு ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம் என நான்கு நிலைகளில் அமைந்திருக்கிறது. நடுவில் உணவகத்தின் சின்னத்தைப் பதிப்பவர்கள் உண்மையில் செய்வது, இந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை அழகுக்காகச் செலவழிப்பதே. சின்னமும் வேண்டும், கறையையும் தாங்க வேண்டும் என்றால் உயர்ந்த நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்தால் கட்டங்கள் கூடி ஒவ்வொன்றும் சிறுத்துவிடும். 40 எழுத்துகள் கொண்ட முகவரிக்கு 15 சதவீத நிலையில் பக்கத்துக்கு 29 கட்டங்கள் போதும். 30 சதவீத நிலைக்குப் போனால் 37 கட்டங்கள் தேவைப்படும். முகவரி 100 எழுத்துகளாக நீண்டுவிட்டால் 15 சதவீத நிலையிலேயே 41 கட்டங்கள் ஆகிவிடும். முகவரி குறுகியிருந்தால் குறியீடு தெளிவாக இருக்கும் என்ற எளிய உண்மையை, அச்சகத்துக்குப் போகும் முன் பலர் யோசிப்பதில்லை.

அச்சில் நேரும் மற்றத் தவறுகள் சிறியவை, ஆனால் அடிக்கடி நேர்பவை. குறியீட்டைச் சுற்றி நான்கு கட்டங்கள் அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும் என்பது தரத்திலேயே உள்ள விதி. வடிவமைப்பாளர்கள் அந்த இடத்தை வீணாகக் கருதி எழுத்தையோ கோலத்தையோ நெருக்கிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பளபளக்கும் மேலுறை, மேலே தொங்கும் விளக்கின் ஒளியைக் கேமராவின் முகத்தில் அடிக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்களாக மாற்றி அச்சிட்டால் சில செயலிகள் தடுமாறுகின்றன. வாசிக்கும் தொலைவில் பத்தில் ஒரு பங்காவது குறியீட்டின் அகலம் இருக்க வேண்டும் என்ற நடைமுறைக் கணக்கின்படி, 30 சென்டிமீட்டர் தொலைவுக்கு 3 சென்டிமீட்டர் போதும். ஆனால் சுவரில் ஒட்டி 2 மீட்டருக்கு அப்பாலிருந்து வாசிக்கச் சொன்னால் 20 சென்டிமீட்டர் தேவை.

குறியீடு பிறந்து கால் நூற்றாண்டு கழித்தே உணவக மேசைக்கு வந்தது என்பதற்குக் கைபேசிதான் காரணம். நெடுங்காலம் இதை வாசிக்கத் தனிச் செயலியைப் பதிவிறக்க வேண்டியிருந்தது. சாப்பிட வந்த இடத்தில் அந்த வேலையைச் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. 2017 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 11 ஐபோனின் கேமராவையே வாசிப்பானாக மாற்றியது. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் அந்த வசதி பரவியது. ஆயுதம் தயாராக இருந்தது, தேவை 2020இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார அமைப்பு கொரோனாப் பரவலைப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு, பலர் கைபட்ட மெனு கார்டு அச்சத்துக்குரிய பொருளாகிவிட்டது. பொருள்களின் மேற்பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக ஒவ்வொரு தொடுகைக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் கூறியது. அதற்குள் குறியீடு மேசையில் வேரூன்றிவிட்டது.

காரணம் போன பின்னும் ஏற்பாடு நீடித்தது என்றால் வேறு ஆதாயங்கள் இருந்திருக்க வேண்டும். பொருள்களின் விலை ஏறும்போதெல்லாம் கார்டுகளை மறு அச்சு செய்ய வேண்டியதில்லை. தீர்ந்துபோன பதார்த்தத்தை அந்த நிமிடமே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ஆள் பற்றாக்குறை உள்ள நேரத்தில் கார்டைக் கொண்டுவந்து கொடுக்கவும் திரும்ப எடுத்துப் போகவும் ஒருவர் நடக்க வேண்டியதில்லை. முகவரியின் வாலில் மேசை எண்ணைச் சேர்த்துவிட்டால், அங்கிருந்தே ஆர்டர் கொடுத்துப் பணமும் செலுத்தும் ஏற்பாட்டுக்கு அதை விரிக்கலாம். இவை எல்லாம் உணவகத்தின் பக்கத்து ஆதாயங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்வியை எத்தனை உரிமையாளர்கள் கேட்டிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

முகவரியை எழுதும் விதத்தில் இரண்டு வகைகள் உண்டு. உணவகத்தின் சொந்தத் தளத்தின் முகவரியை நேராக எழுதுவது நிலையான குறியீடு. இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் குறுமுகவரியை எழுதி, அங்கிருந்து உண்மையான பக்கத்துக்குத் திருப்பி அனுப்பச் செய்வது மாற்றத்தக்க குறியீடு. இரண்டாவது வகையில், அச்சிட்ட பின்னும் சேருமிடத்தை மாற்றிக்கொள்ளலாம், எத்தனை பேர் எப்போது ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணலாம். ஆனால் பல சேவைகள் சந்தாவில் இயங்குகின்றன. சந்தா நின்றால் திருப்பி அனுப்புவதும் நிற்கும். மேசைகளில் ஒட்டிய அத்தனை சதுரங்களும் ஒரே நாளில் செத்த படங்களாகிவிடும். இலவசம் என்ற பெயரில் குறியீட்டை உருவாக்கித் தரும் தளங்கள் சில, உள்ளே தங்கள் குறுமுகவரியை வைத்துவிட்டுச் சில வாரங்கள் கழித்துப் பணம் கேட்பதும் உண்டு. ஆனால் மாற்றும் வசதிக்காகத் தரகரை நாட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. சொந்தத் தளத்தில் பட்டியலுக்கென்று மாறாத முகவரி ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தின் உள்ளடக்கத்தை மட்டும் வேண்டும்போது மாற்றினால் அதே பயன் கிடைத்துவிடும்.

சொந்த முகவரிக்கும் ஆயுள் உண்டு. தளப்பெயரை உரிய காலத்தில் புதுப்பிக்காவிட்டால் வேறு யாரும் அதை வாங்கிக்கொள்ளலாம். 2015இல் ஜெர்மனியில் ஹெய்ன்ஸ் நிறுவனத்தின் கெட்சப் புட்டியில் இருந்த குறியீட்டை ஸ்கேன் செய்த வாடிக்கையாளர் ஒருவர் ஆபாசத் தளம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். முடிந்துபோன ஒரு போட்டிக்காகப் பதிவு செய்த தளப்பெயரை நிறுவனம் கைவிட்டிருந்ததும், புட்டிகள் மட்டும் கடைகளில் தொடர்ந்து இருந்ததும் காரணம். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்தது என்றால், தளத்தை யாரோ தெரிந்தவரிடம் செய்து வாங்கிவிட்டு மறந்துபோகும் சிறு உணவகத்துக்கு நேர எவ்வளவு நேரமாகும்?

இதைவிடச் சுலபமான ஏமாற்று ஒன்றும் உண்டு. மேசையில் உள்ள குறியீட்டின் மேல் வேறொரு குறியீட்டை ஒட்டிவிட்டுப் போவதற்கு ஒரு நிமிடம் போதும்; மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பட்டியலை மட்டும் காட்டும் இடத்தில் இதனால் விளையும் தீங்கு குறைவு. பணமும் அதே வழியில் போகும் இடத்தில் அதிகம். மாற்றி ஒட்டப்பட்ட கியூஆர் குறியீடுகள் வழியாகப் பணமும் கடவுச்சொற்களும் திருடப்படுவதாக அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2022 ஜனவரியில் பொதுமக்களை எச்சரித்தது. குறியீட்டைக் கேமராவில் காட்டுவதால் மட்டும் எதுவும் கெட்டுவிடாது. பக்கம் திறக்கும் முன் கைபேசி முகவரியைக் காட்டும், அந்த ஒரு கணம்தான் வாடிக்கையாளரிடம் உள்ள காவல். ஆனால் இடைத்தரகரின் குறுமுகவரியாக இருந்தால் அதில் உணவகத்தின் பெயரே இராது என்பதால் எது சரி, எது போலி என்று அவரால் சொல்ல இயலாது. உணவகத்தின் பெயர் தாங்கிய முகவரியைக் குறியீட்டின் கீழே எழுத்தாகவும் அச்சிட்டுவிடுவது நல்லது. ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும், கேமரா பழுதானவர் தட்டச்சு செய்யவும் உதவும்.

அச்சிட்ட கார்டு யார் தன்னை வாசித்தார் என்று யாரிடமும் சொல்வதில்லை. இணையப் பக்கம் அப்படி அல்ல. அதைத் திறந்ததுமே கைபேசியின் ஐபி முகவரி, நேரம், உலாவியின் வகை, மொழி அமைப்பு போன்றவை எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. குக்கி என்ற சிறு அடையாளக் கோப்பு கைபேசியில் வைக்கப்பட்டால் அடுத்த முறை அதே கைபேசி வந்ததையும் கண்டுகொள்ளலாம். இவற்றில் பெரும்பகுதி எந்த இணையதளத்துக்குப் போனாலும் நடப்பதுதான், ஆகவே பதறத் தேவையில்லை. ஆனால் பட்டியலைக் காட்டும் முன் கைபேசி எண்ணைக் கேட்கும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. விலை என்ன என்று தெரிந்துகொள்வதற்கே ஒருவர் தம் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பது, கடைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு நுழைவுச் சீட்டு கேட்பதற்குச் சமம்.

வாடிக்கையாளர்களின் முணுமுணுப்புக்கு முதன்மையான காரணம் பாதுகாப்போ தனியுரிமையோ அன்று, வாசிப்பு அனுபவம். விரித்து வைத்த கார்டில் நாற்பது ஐம்பது பதார்த்தங்கள் ஒரே பார்வையில் விழும். கண் தாவித் தாவி ஒப்பிடும். இருவர் ஒரே கார்டின் மேல் விரல் வைத்துப் பேசிக்கொள்வார்கள். கைபேசித் திரையில் ஆறேழு வரிகள்தான் தெரியும். மேலே பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு கீழே உருட்ட வேண்டும். அவரவர் திரைக்குள் அவரவர் மூழ்கிவிடுகிறார்கள். மெனு கார்டை வெறும் விலைப்பட்டியலாகக் கருதாமல் விற்பனைக் கருவியாகக் கருதும் மரபு வணிகத்தில் உண்டு. பதார்த்தங்களை அவற்றின் விற்பனை அளவையும் இலாபத்தையும் கொண்டு நான்கு வகையாகப் பிரித்து, எதை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் முறையை மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1982இல் வகுத்தார்கள். பக்கத்தின் அமைப்பை வைத்து இத்தனை சிந்தித்த ஒரு தொழில், அந்தப் பக்கத்தையே கைவிட்டு நீண்ட ஒற்றை நாடாவுக்கு மாறியது வியப்பானது. மாறியபோது எதை இழக்கிறோம் என்று அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

போதாக்குறைக்கு, பல உணவகங்கள் இணையப் பக்கம் ஒன்றைக்கூட உருவாக்குவதில்லை. பழைய கார்டின் பிடிஎஃப் கோப்பை அப்படியே ஏற்றிவிட்டு அந்த முகவரிக்குக் குறியீடு செய்துவிடுகிறார்கள். பெரிய தாளுக்காக வடிவமைத்தது கையகலத் திரையில் எறும்பு வரிசையாகத் தெரிகிறது. விரல்களால் பெரிதாக்கினால் விலை ஓரமாக நழுவிப் போகிறது. படங்களின் எடையால் வலுவற்ற சிக்னலில் கோப்பு இறங்கவே நேரமாகிறது. கியூஆர் மெனு பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் வெறுப்பது இந்தக் கோப்பைத்தான் என்று நினைக்கிறேன். குறியீடு தன் வேலையை அரை நொடியில் முடித்துவிட்டது. பழி மட்டும் அதன் மேல் விழுகிறது.

கோப்பு ஒளிப்படமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எழுத்தைத்தான் வாசிக்கும். படத்தில் உள்ள எழுத்து பெரும்பாலும் அதற்கு வெறும் படம். ஆனால் கவனமாகச் செய்தால், அச்சுக் கார்டு ஒருபோதும் தராத ஒன்றை இந்த முறையால் தர முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். அச்சிட்ட கார்டு பார்வையற்றவருக்குப் பயனற்றது. உடன் வந்தவரோ பரிமாறுபவரோ படித்துச் சொல்வதைக் கேட்க வேண்டும், அவர்கள் விட்டுவிட்ட வரிகள் அவருக்கு இல்லாதவையே. தலைப்புகளும் பெயர்களும் விலைகளும் முறையாகக் குறிக்கப்பட்ட பக்கம் அவர் கைபேசியில் இருந்தால், யாரையும் எதிர்பாராமல் தாமே முழுப் பட்டியலையும் கேட்டு முடிவெடுப்பார். முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வார். மொழி தெரியாதவர் மொழிபெயர்ப்பை நாடுவார். மேசையில் குறியீடு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவி அறியும்படி அதன் விளிம்பைச் சற்று மேடாக்கி, எல்லா மேசைகளிலும் ஒரே மூலையில் பொருத்திவிட்டால் போதும். இத்தனை எளிதான இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கும் இடங்கள் அரிது.

ஒவ்வாமை பற்றிய தகவலிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் உணவில் இருந்தால் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அத்தனையையும் ஒவ்வொரு வரிக்கும் கீழே அச்சிட்டால் கார்டு குறிகளால் நிறைந்துவிடும். இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தொட்டு, தமக்கு ஆகாதவற்றை மறைத்துவிட்டுப் பார்க்கலாம். ஆனால் சமையலறையில் மூலப்பொருள் மாறியதும் பக்கமும் மாற வேண்டும். உடனே மாற்றலாம் என்ற வசதி, மாற்றியே இருப்பார்கள் என்ற நம்பிக்கையை வாசிப்பவரிடம் உண்டாக்கிவிடுவதால், பழைய தகவல் அச்சில் இருப்பதைவிடத் திரையில் இருப்பது அபாயகரமானது.

விலைக்கும் இதுவே பொருந்தும். அச்சிட்ட விலை உணவகத்தைக் கட்டுப்படுத்தும். அடித்து எழுதினால் எல்லோருக்கும் தெரியும். திரையில் உள்ள விலை உட்கார்ந்தபோது ஒன்றாகவும் பில் வரும்போது வேறாகவும் இருந்தால் வாடிக்கையாளரிடம் சான்று இராது. ஆர்டர் கொடுத்த நேரத்து விலையே பில்லில் வர வேண்டும் என்பதை மென்பொருளிலேயே பூட்டிவிடலாம்.

கைபேசி இல்லாதவர், மின்கலம் தீர்ந்தவர், சிக்னல் எட்டாத மூலையில் அமர்ந்தவர் ஆகியோருக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை என்பதால், சில அச்சுப் பிரதிகளைக் கையிருப்பில் வைத்திருப்பது தவிர்க்க முடியாதது. அவற்றைக் கேட்பவரிடம் வேண்டாவெறுப்பாக நீட்டாமல், குறியீட்டின் பக்கத்திலேயே 'அச்சுப் பிரதியும் உண்டு' என்று எழுதிவிடலாம். இணையப் பக்கத்தை மாற்றும் பணியாளரே அந்தப் பிரதிகளையும் அன்றே மாற்ற வேண்டும், பிரதியின் அடியில் தேதி இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, மேசைகளைத் துடைப்பவர் தம் சொந்தக் கைபேசியில், உணவகத்தின் வைஃபையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சதுரத்தையும் ஸ்கேன் செய்து அதன் மேல் வேறு ஒட்டுத்தாள் ஏதும் ஏறியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டால், மேலே சொன்ன கோளாறுகளில் பாதி வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் கையில் சிக்கிவிடும்.